ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு ஒரு டிப்ளோமாவா?

ஐயா, தலைப்பில் உள்ளது நீங்கள் கேட்ட கேள்விதான். உங்கள் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு மின்கலம் இல்லாத ஆர்.எஃப்.ஐ.டி. டேக்குகளை எடுத்திருக்கிறாள். வானொலி அலை மூலம் பொருளை அடையாளம் காட்டும், சில்லும் ஆண்டெனாவும் கொண்ட ஸ்டிக்கர்கள் இவை. தோழிகள் செயற்கை நுண்ணறிவுப் பக்கம் போக, இவள் கிடங்கில் பெட்டி எண்ணப் போகிறாளே என்று கவலைப்படுகிறீர்கள்.

ஒட்டுவது யாருக்கும் வரும். ஒட்டிய டேக்கை ரீடர், அதாவது அலை அனுப்பி அதைப் படிக்கும் கருவி, படிக்க மறுக்கும்போதுதான் பொறியாளரைத் தேடுவார்கள். ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, அதே அலையைச் சற்று மாற்றித் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பிச் சைகை காட்டுவதைப் போல. அந்தப் பதில் மிக மெலிந்தது. உலோகத்தின் மேல் சாதாரண டேக்கை ஒட்டினால் ஆண்டெனா தடுமாறும். தண்ணீர்ப் புட்டிகள் அலையை விழுங்கிவிடும். நூறு டேக்குகள் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் ஒன்றும் விளங்காது. எனவே ஒவ்வொன்றும் தற்செயலாக ஒரு நேரத்துண்டைத் தேர்ந்துகொண்டு பேசும். பல கருவிகள் ஒரே அலைவரிசைக்கு முட்டிமோதும் இந்தச் சிக்கல் வைஃபையிலும் உண்டு. அவள் படிப்பது முறையான வயர்லெஸ் நெட்வொர்க் பாடம்தான்.

இது சிங்கப்பூரில் நமக்குப் புதிதும் அல்ல. தேசிய நூலக வாரியம் 1998-இலேயே புக்கிட் பாத்தோக் நூலகத்தில் இதைக் கொண்டுவந்தது. பஸ்ஸில் தட்டும் அட்டையிலும் மின்கலம் இல்லை. அது 13.56 மெகாஹெர்ட்ஸில் சில சென்டிமீட்டருக்குள் வேலை செய்கிறது. கிடங்குகளில் 920 முதல் 925 மெகாஹெர்ட்ஸ் வரையிலான டேக்குகளைச் சில மீட்டர் தொலைவிலிருந்தே படிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்பதை இந்த டேக் எந்நேரமும் சொல்லாது. எந்த ரீடரை எப்போது கடந்தது என்பதுதான் தெரியும். "நேரடிக் கண்காணிப்பு" என்று அறிக்கையில் அளந்துவிடும் மாணவர்கள் நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள்: படித்த டேக்குகளை விட, படிக்காதவற்றின் கணக்கு முக்கியம். எந்தக் கோணம், எவ்வளவு தூரம், பக்கத்தில் என்ன பொருள் என்று அட்டவணை போடட்டும். பைத்தான் நிரல்மொழியும் தரவுத்தளமும் கூடவே வேண்டும். விடுபட்ட பதிவுகளையும் இரட்டைப் பதிவுகளையும் சலித்தெடுப்பது அங்கேதான். பட்டப்படிப்பு எண்ணம் இருந்தால் கணிதத்தைக் கைவிடக் கூடாது. வேலைப் பயிற்சிக்குத் தளவாட நிறுவனம் கிடைத்தால், அலுவலக மேசையை விட ரீடர் பொருத்தும் இடத்தையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.