தெங்கோ, தியேனெஸ் குழப்பத்துக்கு

தம்பி, ஸ்பானிஷில் 'வைத்திருத்தல்' என்னும் 'தெனேர்' வினையில் தெங்கோ (நான்), தியேனெஸ் (நீ), தெனேமோஸ் (நாங்கள்) என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போகிறது, மனப்பாடம் நிற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

அழுத்தம் எங்கே விழுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வேரில் விழுந்தால் 'எ' உடைந்து 'இயே' ஆகிவிடும்: தியேனெஸ், தியேனே, தியேனென். தெனேமோஸ், தெனேயிஸ் இரண்டிலும் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுவதால் வேர் அப்படியே நிற்கிறது. தெங்கோ மட்டும் தனி ரகம். 'வருதல்' என்னும் 'பெனிர்' வினையிலும் இதே கதைதான்: பெங்கோ, பியேனெஸ். ஒன்றைப் படித்தால் மற்றது பாதி இலவசம்.

அப்புறம், நீங்கள் எழுதிய 'சோய் 22 ஆன்யோஸ்' ('நான் 22 வருஷங்கள்' என்பதுபோல்) தப்பு. நாம் 'எனக்கு 22 வயது', 'எனக்குப் பசிக்குது' என்போம். ஸ்பானிஷ்காரர்களோ வயதையும் பசியையும் கையில் வைத்திருக்கிறார்கள்: தெங்கோ 22 ஆன்யோஸ், தெங்கோ ஆம்ப்ரே. 'கே' சேர்த்தால் நம் 'ணும்' வந்துவிடும்: தெங்கோ கே இர் அ தென்காசி, அதாவது தென்காசிக்குப் போகணும்.

நான் திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் ஏறினால் சுலோச்சன முதலியார் பாலம் தாண்டும்வரை முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்து சீட்டு ஆச்சி ஒருநாள் "என்ன மந்திரம்யா இது?" என்று கேட்டேவிட்டார்.

இறந்தகாலத்தை, அந்த 'தூபே'யை, இப்போதைக்குத் தொடாதீர்கள்.