மோனோபோலி ஆட்டம் ஏன் முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது?

பெரும்பாலும் பழி ஆட்டத்தின் மேல் இல்லை, நாம் சேர்த்துக்கொண்ட வீட்டு விதிகள் மேல்தான். வரி, அபராதப் பணத்தை நடுவில் குவித்து, ஃப்ரீ பார்க்கிங் என்ற கட்டத்தில் வந்து நிற்பவருக்குக் கொடுக்கிறோம் இல்லையா? விதிப் புத்தகத்தில் அப்படி எதுவும் கிடையாது. அந்தப் பணம் வங்கிக்குப் போக வேண்டியது. அதை ஆட்டத்துக்குள் திருப்பிவிட்டால், திவாலாக வேண்டியவர் மறுபடி எழுந்து உட்கார்ந்துவிடுவார். பிறகெங்கே ஆட்டம் முடிவது?

இன்னொன்று ஏலம். ஒருவர் நின்ற இடத்தை வாங்க மறுத்தால் வங்கி உடனே அதை ஏலம் விட வேண்டும், மறுத்தவரும் கேட்கலாம். இதைப் பலர் விட்டுவிடுவதால் இடங்கள் விற்கவே ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது.

ஜெயிக்க வேண்டுமென்றால் ஆரஞ்சு நிற இடங்களுக்குக் குறிவையுங்கள். சிறையிலிருந்து அவை 6, 8, 9 கட்டம் தள்ளி இருக்கின்றன. இரண்டு பகடையில் இந்த எண்கள் விழ 36-க்கு 14 வாய்ப்பு. சிறைக்கோ எல்லோரும் அடிக்கடி போகிறார்கள்! ஒவ்வொன்றிலும் மூன்று வீடு கட்டிவிடுங்கள். ஆரஞ்சு இடங்களில் ஒன்றான செயின்ட் ஜேம்ஸில் இரண்டு வீட்டுக்கு வாடகை 200 டாலர், மூன்றாவது கட்டினால் 550.

நான்கு வீட்டுக்குப் பின் ஹோட்டலுக்கு அவசரப்படாதீர்கள். பெட்டியில் மொத்தம் 32 வீடுகள்தான். ஹோட்டல் கட்டினால் நான்கு வீடு வங்கிக்குத் திரும்பி எதிராளி கைக்குப் போகும். கொஞ்சம் கொடூரம்தான், ஆனால் விதிப்படி சரி.