பெட்டியோடு டின்டின்: வாங்கலாமா, வாங்கினால் எப்படி வைத்திருப்பது?

மல்லாவியில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சின்ன வயதில் இருந்தே டின்டின் படக்கதை என்றால் உயிர். லண்டனில் இருக்கும் மச்சான் ஆடியில் ஊருக்கு வருகிறார். கெட்டி மட்டையில் பெட்டியோடு வரும் ஆங்கிலத் தொகுதியை அவரிடம் சொல்லி எடுப்பிக்கலாமா? சிலர் 7 புத்தகம் என்கிறார்கள், சிலர் 8 என்கிறார்கள். எது முழுசு? வீட்டில் கறையான் தொல்லை. மாரி வந்தால் சுவரே பூஞ்சணம் பிடிக்கும். இவ்வளவு காசு போட்டு வீணாகிவிடுமோ?"

தாராளமாக எடுப்பியுங்கள். ஆனால் பெட்டிக்காக எடுக்காதீர்கள். கடையில் அழகு காட்டுவதற்கும் வழியில் புத்தகம் அடிபடாமல் வருவதற்கும் செய்தது அந்தப் பெட்டி. வன்னிக் காலநிலையில் புத்தகத்தைக் காப்பாற்ற அது உதவாது. சில வேளை கெடுப்பதே அதுதான்.

முதலில் கணக்கு. டின்டின் என்ற இளம் பத்திரிகையாளனின் சாகசங்களைச் சொல்லி, பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜே 1929இல் தொடங்கிய தொடர் இது. 1983இல் அவர் இறந்தபோது முடிக்காமல் விட்ட கதையையும் சேர்த்தால் 24. முதல் கதையான சோவியத் பயணம் கறுப்பு வெள்ளையில் வந்தது. இரண்டாவதான கொங்கோ கதை ஆப்பிரிக்கர்களைக் காட்டிய விதத்துக்காக இன்றுவரை கண்டனம் வாங்குகிறது. இந்த இரண்டையும், முடியாத கடைசிக் கதையையும் கழித்தால் 21 மிஞ்சும். ஒரு புத்தகத்துக்கு மூன்று கதை என்றால் 7 புத்தகம். அதுதான் அமெரிக்கப் பதிப்பு. பிரித்தானியப் பதிப்பில் முதல் இரண்டு கதைகளும் தனிப் புத்தகமாக முன்னால் சேர்வதால் 8. மச்சான் லண்டனில் இருப்பதால் உங்களுக்கு 8 கிடைக்கும், நல்லது. 7தான் கைக்கு வந்தாலும் கவலை வேண்டாம், விடுபடுபவை தொடரின் ஆகப் பலவீனமான கதைகள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இரண்டு பதிப்புக்கும் இலக்கம் ஒன்று தள்ளி நிற்கிறது, அமெரிக்கப் பதிப்பின் 1 பிரித்தானியப் பதிப்பில் 2. பழைய புத்தகமாக ஒவ்வொன்றாகச் சேர்ப்பவர் பதிப்பைக் கலந்தால், இல்லாத புத்தகம் என்று நினைத்து இருப்பதையே திரும்ப வாங்க நேரும்.

அப்புறம் அளவு. பலர் பெட்டியைப் பிரித்ததும் முகம் சுருங்குவது இங்கேதான். ஒரு கதைக்கு ஒரு புத்தகமாகத் தனித்தனியாக வரும் ஆல்பம் ஏறக்குறைய ஏ4 தாள் அளவு. பெட்டித் தொகுதியில் வருவது பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி அளவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரு பக்கத்தில் நாலு வரிசைப் படம், அதற்குள் டின்டினின் நண்பர் கப்டன் ஹடொக்கின் நீண்ட வசை. வெள்ளெழுத்து வந்தவருக்குக் கண்ணாடி இல்லாமல் கஷ்டம். இன்னொரு குறையும் உண்டு. யூனிகோர்ன் கப்பலின் கதை ஒரு புத்தகத்தின் கடைசியில் முடிய, அதன் தொடர்ச்சியான புதையல் கதை அடுத்த புத்தகத்தில் தொடங்குகிறது. ஒன்றை இரவல் கொடுத்துத் தொலைத்தால் பாதிக் கதைதான் மிச்சம். படம் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் பெரிய ஆல்பங்களைச் சிறுகச் சிறுக வாங்குவதே என் தெரிவு. முழுத் தொடரும் ஒரே தட்டில் இருக்க வேண்டும் என்றால் பெட்டி சரி.

மச்சானிடம் சொல்லுங்கள்: சூட்கேஸின் நடுவில், சுற்றிவர உடுப்பு வைத்து. பெட்டியின் மூலைதான் முதலில் நசுங்கும்.

வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையான வேலை. எங்கள் பக்கம் ஐப்பசியில் இருந்து தை வரை மழையும் ஈரக்காற்றும். காற்றில் ஈரப்பதன் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். இறுக்கமான பெட்டிக்குள் காற்று ஓடாது. ஈரம் குடித்த தாள் உப்பும். உப்பிய புத்தகத்தை முதுகின் மேல் விளிம்பில் விரல் போட்டு இழுப்பீர்கள், அந்த இடம் கிழியும். மாரிக்கு முன்பே புத்தகங்களை வெளியே எடுத்து, விரல் நுழையும் இடைவெளி விட்டு அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள். வெறும் பெட்டி மேல்தட்டில் கிடக்கட்டும். கோடையில் பெட்டிக்குள் வைத்தால், எடுக்கும்போது பெட்டியைச் சற்றுச் சரித்துப் புத்தகத்தைத் தானாக வழுகி வரவிடுங்கள்.

கறையான் நிலத்தில் இருந்து சுவர் வழியாக வரும். அலுமாரியைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி, கால்களைக் கல்லில் ஏற்றி வையுங்கள், இரும்பு அலுமாரி என்றால் இன்னும் நல்லது. மாதம் ஒருமுறை டோர்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். மண்கோடு தெரிந்தால் அதை மட்டும் தட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது, சுவருக்கே மருந்தடிக்க வேண்டும். பூச்சி உருண்டை கறையானையும் தடுக்காது, பூஞ்சணத்தையும் தடுக்காது. நாற்றம்தான் மிச்சம். வெயில் நேரே விழும் யன்னலுக்கு எதிரே வைத்தால் முதுகின் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும்.

கூரை ஒழுகி நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள். தாள் வழுவழுப்பானதாக இருந்தால் மூடியபடி காயும்போது பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே சில பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத் தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில், தாளை மாற்றி மாற்றிக் காயவையுங்கள்.

பழைய முத்து, ராணி காமிக்ஸ் வீட்டில் இருந்தால் அவற்றைத் தனித் தட்டில் வையுங்கள். அந்தப் பத்திரிகைத் தாளில் அமிலம் அதிகம், ஒட்டியிருக்கும் நல்ல தாளையும் பழுப்பாக்கும்.

பிள்ளைகள் கைவைப்பார்களே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். சந்திரப் பயணக் கதைகள் இரண்டையும் மெல்லிய மட்டைப் பெரிய ஆல்பமாகத் தனியாக எடுப்பித்து அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.