ஊட்டிக்கு வந்ததும் கரும்புகை: கார்புரேட்டரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: 1994 மாடல் மாருதி 800 ஒன்றைக் கோவையில் வாங்கினேன். அங்கே நன்றாக ஓடிய வண்டி, ஊட்டிக்கு வந்ததிலிருந்து கரும்புகை விடுகிறது. பெட்ரோல் வாடை அடிக்கிறது. சேரிங்கிராஸ் நெரிசலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. புது கார்புரேட்டர் போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையோ அதே துளைதான். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சினால் நீங்கள் சொன்ன மூன்று தொல்லையும் வரும்.

ஆனாலும் நான் முதலில் சந்தேகப்படுவது சோக்கைத்தான், அதாவது குளிரில் ஸ்டார்ட் ஆக, காற்றை ஒரு தகட்டால் மறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் அமைப்பை. ஊட்டிக் குளிரில் தினமும் காலையில் அதை இழுத்திருப்பீர்கள். ஈரத்தில் கேபிள் துருப்பிடித்தால், குமிழை உள்ளே தள்ளினாலும் தகடு பாதி மூடியே நிற்கும். எஞ்சினை நிறுத்தி, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். குமிழ் உள்ளே இருக்கும்போது தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் செலவு கேபிளோடு முடியும். ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

இரண்டும் சரி என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். இளம்பழுப்பு என்றால் கலவை சரி. கரியோடு பெட்ரோல் வாடையும் விடாமல் அடித்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவைக் கட்டுப்படுத்தும் மிதவை ஊசி வால்வு கசியலாம். அதற்கு ரிப்பேர் கிட் போதும்.

அப்புறம்தான் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூ. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டு) கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் சீராக ஓடும் இடத்தில் விடச் சொல்லுங்கள். தொடுவதற்கு முன் பழைய நிலையைக் குறித்துக்கொள்வது முக்கியம். இறுக்கித் திருகினால் ஊசிமுனை கெட்டுவிடும். இந்த ஸ்க்ரூ ஐடிலிங்கை மட்டும்தான் சரிசெய்யும். ஓட்டத்திலும் புகை வந்தால், ஓட்டத்தின்போது பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டைப் பார்க்க வேண்டும். ஊட்டிக்கென்று சிறிய ஜெட் போட்டுவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கி வேகமாக ஓட்டினால், பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும். அடிக்கடி கீழே போகிறவர் என்றால் ஜெட்டை மாற்றாதீர்கள்.

வேலை முடிந்ததும் புகைப் பரிசோதனை மையத்தில் கார்பன் மோனாக்சைடு அளவைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மாடலுக்கு வரம்பு 3 சதவீதம். மெக்கானிக் சொல்வதைவிட அந்த எண்ணை நம்பலாம்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் திரும்பும் த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடினால் மட்டும் புது கார்புரேட்டர் பற்றி யோசியுங்கள். அப்போதும் பில்லோடு பழையதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.