நான் அனுப்பாத மெயிலுக்கு எனக்கு ஏன் பதில் வருகிறது?

கேள்வி: கோரைப்பாய் மொத்த வியாபாரம் செய்கிறேன். கடையின் பெயரிலேயே சொந்த டொமைனும் (இணையப் பெயரும்) மெயில் முகவரியும் உண்டு. நான்கு நாளாகக் காலையில் பெட்டியைத் திறந்தால், 'உங்கள் மெயிலைச் சேர்க்க முடியவில்லை' என்று முந்நூறு நானூறு அறிவிப்புகள் கிடக்கின்றன. போலந்து, பிரேசில் என்று எங்கெங்கிருந்தோ வருகின்றன. நான் ஒன்றுமே அனுப்பவில்லை. என் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதா?
— ஒரு வாசகர், பத்தமடை

பதில்: பெரும்பாலும் இல்லை. அனுப்புநர் இடத்தில் யாரோ உங்கள் முகவரியை எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். இன்லாண்டு லெட்டரின் பின்புறம் கலெக்டர் பங்களா முகவரியை எழுதி நான் தபால் பெட்டியில் போட்டால், யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. கடிதம் போய்ச் சேராவிட்டால் கலெக்டர் பங்களாவுக்குத்தான் திரும்பும். 1982இல் வகுக்கப்பட்ட மெயில் அனுப்பும் முறையும் அனுப்புநர் சொன்னதை அப்படியே நம்பியது. அந்த அப்பாவித்தனத்துக்கு இன்றுவரை விலை கொடுக்கிறோம்.

இது பழைய நோய். 2003 ஆகஸ்டில் சோபிக் எஃப் என்ற கணினிப் புழு (தானாகவே பரவும் வைரஸ்) பரவியபோது நான் பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரின் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புழு, தொற்றிய கணினியின் கோப்புகளைத் துழாவி முகவரிகளைப் பொறுக்கும். ஒன்றைப் பெறுநராகவும் இன்னொன்றை அனுப்புநராகவும் வைத்துத் தானே அனுப்பும். மெயிலோடு ஒட்டிவரும் கோப்பு சுமார் 70 கேபி. அன்றைய இலவசப் பெட்டிகளில் சில 2 எம்பிதான். முப்பது மெயில் வந்தால் பெட்டி நிரம்பிவிடும். போதாக்குறைக்கு, பல நிறுவனங்களின் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அந்தப் பொய் அனுப்புநருக்கே 'நீங்கள் வைரஸ் அனுப்பியிருக்கிறீர்கள்' என்று கண்டிப்புக் கடிதம் எழுதின. குப்பை இரட்டிப்பானது. செப்டம்பர் 10ஆம் தேதியோடு நின்றுவிடும்படி அதை எழுதியவனே ஏற்பாடு செய்திருந்ததால்தான் அடங்கியது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். திரும்பிவந்த ஒன்றைத் திறந்து, இணைப்பைத் தொடாமல், அதில் ஒட்டியிருக்கும் மூல மெயிலின் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். அவை தபால் முத்திரைகள். வழியிலுள்ள ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை மேலே குத்தும், ஆகவே கீழேயிருந்து மேலாகப் படிக்கவேண்டும். கீழ் வரிகளைப் போலியாகவும் சேர்க்கலாம். ஆனால் உங்கள் மெயில் சர்வரின் பெயரோ உங்கள் இணைய இணைப்பின் எண்ணோ (ஐபி முகவரி) எங்குமே இல்லையென்றால், அது உங்களிடமிருந்து கிளம்பவில்லை. 'அனுப்பியவை' கோப்புறை காலியாக இருக்கிறது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். சோபிக் எஃப் தனக்கென்று அனுப்பும் வசதியை வைத்திருந்தது, அந்தக் கோப்புறைப் பக்கமே போகவில்லை.

சொந்த டொமைன் இருப்பதால் உங்களுக்கு ஒரு மருந்து இருக்கிறது. டொமைன் வாங்கிய இடத்தில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் போடச் சொல்லுங்கள். எந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்பதை முதலாவது சொல்லும். உங்கள் சர்வர் மெயிலில் இடும் கையொப்பத்தைச் சரிபார்க்க இரண்டாவது உதவும். இவற்றில் தேறாததை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க். எடுத்த எடுப்பில் 'நிராகரி' என்று வைத்துவிடாதீர்கள். முதலில் 'கவனி' என்ற நிலையில் சில வாரம் விடுங்கள். உங்கள் பில் அனுப்பும் மென்பொருள் வேறொரு சர்வர் வழியாக அனுப்புகிறதென்றால், அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டுத்தான் கடுமையைக் கூட்டவேண்டும். இல்லையென்றால் பாய் போய்ச் சேரும், பில் போய்ச் சேராது.

கேள்வி: அண்ணாச்சி, அப்பளம் வாங்கும் சென்னை வியாபாரியிடமிருந்து, போன மாதம் நாங்கள் பேசிய அதே மெயிலுக்குப் பதிலாக ஒரு ஜிப் கோப்பு வந்திருக்கிறது. திறக்கக் கடவுச்சொல்லும் மெயிலிலேயே இருக்கிறது. அவர் வீட்டு விசேஷத்தை நான் விசாரித்ததுகூடக் கீழே அப்படியே இருக்கிறது. திறக்கலாமா?
— கல்லிடைக்குறிச்சி

பதில்: திறக்காதீர்கள். போனை எடுத்து அவரையே கேளுங்கள். மெயிலில் கேட்டால் பதில் சொல்வது திருடனாகவும் இருக்கலாம். எமோடெட் என்ற வைரஸ் இந்த வித்தையில்தான் பேர் வாங்கியது. தொற்றிய கணினியிலிருந்து பழைய உரையாடல்களைத் திருடி, அவற்றுக்குப் பதில்போல் தன்னை ஒட்டி அனுப்பியது. 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதன் சர்வர்களை முடக்கின, அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் தலைகாட்டியது.

கடவுச்சொல் எதற்கு என்று யோசித்தீர்களா? பூட்டிய ஜிப்பை மெயில் நிறுவனத்தின் வைரஸ் சோதனையால் திறந்து பார்க்க முடியாது, உங்களால் முடியும். பூட்டையும் சாவியையும் ஒரே பையில் வைத்து அனுப்புகிறவன் ரகசியத்தைக் காப்பாற்றவில்லை. உங்கள் பதிலில் வியாபாரி வீட்டு விசேஷத்தைக்கூட விசாரித்திருந்தீர்கள், அதுவும் கீழே அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் நம்பத் தோன்றுகிறது.

கேள்வி: குப்பை மெயிலின் அடியில் 'இனி அனுப்பவேண்டாம்' என்ற இணைப்பு இருக்கிறது. அழுத்தலாமா?
— தென்காசி

பதில்: நீங்கள் பொருள் வாங்கிய கடை என்றால் அழுத்துங்கள். முன்பின் தெரியாதவர் என்றால் வேண்டாம், அழுத்துவது இங்கே ஆள் இருக்கிறது என்று கதவைத் திறந்து காட்டுவதாகும். 'ஸ்பாம்' என்று குறித்துவிட்டு வேலையைப் பாருங்கள். ஜிமெயிலில் அந்தக் கோப்புறை 30 நாளில் தானாகவே காலியாகும்.

கேள்வி: நேற்று ஒரே இரவில் இரண்டாயிரம் மெயில். 'பதிவு செய்ததற்கு நன்றி' என்று தெரியாத கடைகள், செய்தித்தாள்கள், ஏதேதோ மொழிகள். வைரஸ் வெள்ளமா இது?
— சங்கரன்கோவில்

பதில்: 2023 டிசம்பரில் தாமிரபரணியைப் பார்த்த நமக்கு வெள்ளம் என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்த மனம் வராது, ஆனாலும் இதற்குப் பொருந்தும். யாரோ ஒரு நிரலை ஓட்டி உங்கள் முகவரியை ஆயிரக்கணக்கான தளங்களில் பதிவு செய்திருக்கிறார்கள். எரிச்சலில் மொத்தமாக அழித்துவிடாதீர்கள். அந்தக் குவியலுக்குள் வங்கியிலிருந்தோ பொருள் விற்கும் தளத்திலிருந்தோ வந்த ஒரு மெயில் புதைந்திருக்கலாம்: 'பணம் மாற்றப்பட்டது', 'முகவரி மாற்றப்பட்டது' என்று. அதை நீங்கள் பார்க்கக்கூடாது என்பதற்காகவே இந்தக் கூத்தை நடத்துவது உண்டு.

மெயிலைத் துழாவுவதற்கு முன் வங்கிக் கணக்கையும் கார்டையும் பாருங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே பேசுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும். பிறகு பெட்டிக்குள் வங்கியின் பெயரைத் தேடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக் கணினி ஒன்றிலிருந்தே குப்பை மெயில் போகிறது என்று இணைய நிறுவனம் எச்சரித்திருக்கிறது. உடனே கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். போதுமா?
— வண்ணார்பேட்டை

பதில்: எந்தக் கணினியில் உட்கார்ந்து மாற்றினீர்கள்? அதே கணினி என்றால் புதியதும் திருடன் கையில் இருக்கலாம். முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். வேறொரு சுத்தமான கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறும்படி செய்து, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். பலர் மறப்பது ஒன்று உண்டு. மெயில் அமைப்புகளில் 'ஃபார்வர்டு', 'ஃபில்டர்' இரண்டையும் திறந்து பாருங்கள். வரும் பதில்களை உங்கள் கண்ணில் படாமல் அழிக்கும் விதி ஒன்றை உள்ளே வைத்துவிட்டுப் போவது இவர்கள் வழக்கம்.

கணினியைச் சுத்தம் செய்ய மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா இலவசக் கருவிகள் தருகிறது. என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், வாடிக்கையாளரின் வருமான வரிக் கணக்குகள் இருக்கும் கணினியைத் துடைத்துப் பயன்படுத்த எனக்குத் துணிவு வராது. கோப்புகளை மட்டும் எடுத்துச் சோதித்து வைத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவேன். அதற்கு ஒரு நாள் போகும். தணிக்கை அறிக்கை நெருக்கடியில் நீங்கள் இருக்கும் செப்டம்பர் மாதக் கடைசி வாரமாக இல்லாதவரை தாங்கும்.