ஜூன் மாதத்துக் கடலை நம்பாதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் பகாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பால்மரத்தையும் செம்பனையையும் பார்த்தே ஆயுளைக் கழித்தவர்களுக்கு, ஓய்வு என்றதும் கடல் நினைவுக்கு வருவது இயல்பே. இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவைதாம்.

கேள்வி: ஜூன் விடுமுறையில் குடும்பத்தோடு கிழக்குக் கரையிலுள்ள செராத்திங்கில் நான்கு நாள் தங்கினோம். கடல் குளம் போல் இருந்தது. பக்கத்திலேயே ஒரு தரை வீடு விலைக்கு வந்திருக்கிறது. முன்பணம் கட்டலாமா? (ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், பகாவ்)

பதில்: கட்டாதீர்கள். ஜூனில் காற்று தென்மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வருவதால் கிழக்குக் கரை மறைவில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்குக் கடல் குளமாகத் தெரிந்தது. நவம்பரில் காற்று திசை மாறி, தென்சீனக் கடலைத் தாண்டி நேரே கரையில் வந்து மோதும்; மார்ச் வரை அதன் பிடி தளராது. குவாந்தானில் ஆண்டு முழுவதும் பெய்யும் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையில் ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் டிசம்பர் மாதத்தில் மட்டுமே கொட்டுகிறது. கரையில் சிவப்புக் கொடி பறக்கும், தீவுகளின் தங்கும் விடுதிகள் அடைத்துக் கிடக்கும், சிறு படகுகள் கரையேறிவிடும். 2014 டிசம்பரில் கிளந்தானும் திரங்கானுவும் பகாங்கும் வெள்ளத்தில் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறியவர்களே, அடுத்த ஜூனில் அதே கரைக்கு வீடு பார்க்கப் போனதை நான் அறிவேன்.

அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் முழுதாக இல்லை. வீட்டு முகவர் தொழிலைத் தொடங்கிய புதிதில் ஒரு தம்பதியரை ஜூலையில் அங்கே அழைத்துப் போய், கடற்காற்றைக் காட்டியே வீட்டை முடித்துக் கொடுத்தேன். டிசம்பரில் அந்த அம்மா தொலைபேசியில் என்னைத் திட்டவில்லை. "வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலுக்குப் பிறகுதான், மழைக்காலத்தில் ஒரு முறை பார்க்காதவருக்குக் கடலோர வீடு காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆகவே டிசம்பர் பின்பாதியில் போய்க் குறைந்தது ஒரு வாரம் தங்குங்கள். எந்தச் சாலை முதலில் மூழ்குகிறது, மருத்துவமனைக்குச் செல்லும் வழி திறந்திருக்கிறதா, மளிகைக் கடைக்காரரின் சுவரில் நீர் ஏறிய தடம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விலைக்கு வந்த வீட்டின் புதுப் பெயின்டைப் பார்த்து மயங்காமல், பக்கத்து வீட்டு இரும்புக் கதவை உப்புக்காற்று எவ்வளவு தின்றிருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: மேற்குக் கரையில் அந்தத் தொல்லை இல்லையே? போர்ட்டிக்சன் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரிதானே? (ஆசிரியை, கோலப்பிலா)

பதில்: இல்லை, அம்மா. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமாத்ரா பக்கமிருந்து கிளம்பும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன் மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து கூரையை ஆட்டிவிட்டுப் போகும். பகலில் வந்து மாலையில் திரும்புகிறவருக்கு அது தெரியவே தெரியாது. புகைமூட்டம் இன்னொன்று. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும், 2013 ஜூனில் மூவாரிலும் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியது. உங்களுக்கு ஆஸ்துமா இருப்பதாக எழுதியிருப்பதால் ஆகஸ்டில் ஒரு முறை போய்த் தங்கி மூச்சு விட்டுப் பாருங்கள்.

கேள்வி: கடலோரத்தில் மலிவாக நல்ல வீடு எங்கே கிடைக்கும்? (பெயரும் ஊரும் இல்லை)

பதில்: கையில் எவ்வளவு இருக்கிறது, வயது என்ன, கார் ஓட்டுவீர்களா, எந்த மாநிலம் என்று ஒன்றையும் எழுதாதவருக்கு நான் ஜோதிடம்தான் சொல்ல முடியும்.

கேள்வி: 55 வயதில் கிடைக்கும் ஊழியர் சேமநிதி முழுவதையும் போட்டுப் போர்ட்டிக்சனில் கடல் தெரியும் அடுக்குமாடி வீடு வாங்க நினைக்கிறேன். (தோட்டக் கிராணி, தம்பின்)

பதில்: முழுவதையும் போடாதீர்கள். 2013 முதல் தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. நீங்கள் ஏன் ஐந்து ஆண்டு முன்னதாகவே சேமிப்பைக் காலி செய்ய வேண்டும்? பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால்கூட, 1,000 சதுர அடி வீட்டுக்கு மாதம் 300 வெள்ளி ஆகிறது. அதோடு கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதிக்கு அந்தக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு. நிலம் 99 ஆண்டுக் குத்தகை என்றால் மீதம் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். ஒரு சனிக்கிழமை இரவும் ஒரு செவ்வாய்க்கிழமை இரவும் அங்கேயே தூங்கிப் பாருங்கள்: முன்னதில் மாடி முழுக்க விருந்தினர் கூச்சல், பின்னதில் மின்தூக்கியில் நீங்கள் மட்டும். வாங்குவதற்கு முன் ஆறு மாதம் வாடகைக்கு இருங்கள். கோலப்பிலா ஆசிரியைக்குச் சொன்ன ஆகஸ்ட் அதற்குள் அடங்க வேண்டும்.

கேள்வி: பங்கோர் தீவில் குடியேற ஆசை. என் மனைவிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். (கிம்மாஸ்)

பதில்: தீவு வேண்டாம், ஐயா. மாசி மகத்துக்குப் பத்ரகாளியம்மனைப் பார்க்கப் படகேறுவது வேறு, நள்ளிரவில் நோயாளியோடு படகுத் துறையில் நிற்பது வேறு. தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள லூமுட், ஸ்ரீ மஞ்சோங் பக்கம் பாருங்கள். அங்கே அரசு மருத்துவமனை இருக்கிறது. டயாலிசிஸ் நிலையத்தில் இடம் உறுதியான பிறகே வீட்டைத் தேடுங்கள்.

கேள்வி: திரங்கானுவில் கடலை ஒட்டிய மனை, நம்ப முடியாத விலை. வாங்கலாமா?

பதில்: பட்டாவில் மலாய் ரிசர்வ் நிலம், அதாவது மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கிய நிலம், என்று இருந்தால் அது உங்கள் பெயருக்கு மாறாது. முதலில் நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பாருங்கள். பிறகு, சொன்னேனே, டிசம்பரில் போய் மனையையும் பாருங்கள்.

கேள்வி: கோல சிலாங்கூரில் கடலுக்கு அருகே வீடு பார்க்க எந்த நாள் நல்ல நாள்?

பதில்: அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும். ஓதம் மிக உயரும் நாள்கள் அவைதாம். ஓத நேர அட்டவணையைப் பார்த்து, நீர் உச்சத்தில் இருக்கும் வேளையில் கரைமேட்டின்மீது நில்லுங்கள்; ஒரு பக்கம் கடல் மட்டமும் மறு பக்கம் வீட்டுத் தரையும் ஒருசேரத் தெரியும். எது உயரமாக இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.