வீட்டில் தமிழை நிறுத்தினால் மகள் இந்த நாட்டோடு ஒட்டிவிடுவாளா?

கேள்வி: நாங்கள் ஜெர்மனியில் டோர்ட்முண்டில் இருக்கிறோம். மகள் நான்காம் வகுப்பு. கணக்கில் 2, டொச் (ஜெர்மன் மொழி) பாடத்தில் 3; இங்கே 1தான் மிகச் சிறந்த மதிப்பெண், 6 மிக மோசம். ஐந்தாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள்; இவளுக்கு 10ஆம் வகுப்போடு முடியும் ரியால்சூலே போதும் என்கிறார் ஆசிரியை. அவளுக்குப் பழக்கமெல்லாம் தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும்தான். இனி வீட்டிலும் டொச்சே கதைப்போம், அப்போதுதான் இந்த நாட்டோடு ஒட்டுவாள் என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: பள்ளி, நட்பு, மொழி என்று மூன்று தனித்தனிக் கவலைகள் இதில் இருக்கின்றன. தமிழை நிறுத்தினால் மூன்றும் தீரும் என்று கணவர் நினைக்கிறார். அப்படி நடக்காது. ஜெர்மனி, இங்கிலாந்து, நெதர்லாந்து, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் 2010 முதல், 14 வயதையொட்டிய சுமார் 19,000 மாணவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு ஒரு வேகத்தில் போகிறது, நட்பும் அடையாளமும் வேறு வேகத்தில் போகின்றன என்பதுதான் அதில் தெரிந்தது. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு டொச் தோழி ஒருத்திகூட இல்லாமல் இருக்கலாம். தெருவெல்லாம் டொச் நண்பர்கள் உள்ளவன் பள்ளியில் தடுமாறலாம்.

முதலில் பள்ளி, ஏனென்றால் அதற்குத்தான் கெடு இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் ஆசிரியையின் பரிந்துரை அரையாண்டு அறிக்கையோடு வரும்; ஆனால் அது பெற்றோரைக் கட்டுப்படுத்தாது. பவேரியா மாநிலத்தில் இருந்திருந்தால் கதை வேறு. கட்டுப்படுத்தாது என்பதற்காக, பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் கிம்னாசியம் பள்ளியில் வீம்புக்குப் போடவும் வேண்டாம். 5, 6ஆம் வகுப்புகள் அங்கே சோதனைக் காலம். சமாளிக்காவிட்டால் 6ஆம் வகுப்பின் முடிவில் பள்ளி மாறச் சொல்வார்கள். அந்த அடி பதினொன்று பன்னிரண்டு வயதில் லேசானதல்ல. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அபிட்டூர் (பல்கலைக்கழகத்துக்குத் தகுதி தரும் இறுதித் தேர்வு) வரை கொண்டுபோகும் கெசாம்ட்சூலே, அதாவது எல்லா நிலைப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி, ஒன்றை முதலில் போய்ப் பார்ப்பேன். ரியால்சூலேயும் முட்டுச்சந்து இல்லை. 10ஆம் வகுப்பில் போதிய தகுதியோடு முடித்தால் அபிட்டூருக்கான மேல்நிலை வகுப்புகளுக்குப் போகலாம். ஊர்ச் சனம் என்ன சொல்லும் என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கணக்கில் 2 வாங்குபவளுக்கு டொச்சில் ஏன் 3? ஆசிரியையிடம் இதைக் கேளுங்கள்: எழுத்துப்பிழையா, வாசித்துப் புரிவதா, கட்டுரையா? பேச்சு டொச் இவளுக்குப் பெரும்பாலும் சரளமாகவே இருக்கும். பாடப்புத்தக டொச்தான் வேறு. வீட்டில் நீங்கள் தட்டுத்தடுமாறி டொச் பேசுவதால் அது வராது. அதற்குப் பதில், ஒரு வசனக் கணக்கை எடுத்து, பேனாவைத் தொடுவதற்கு முன், “இதில் என்ன தெரியும், என்ன கேட்கிறார்கள், தமிழில் சொல்லு” என்று கேளுங்கள். எங்கே முழிக்கிறாளோ அங்கேதான் சிக்கல். நூலகத்திலிருந்து டொச் கதைப்புத்தகங்கள் எடுத்துக் கொடுங்கள். தமிழ் அப்படியே இருக்கட்டும். அம்மம்மாவோடு கதைக்க வேண்டுமே!

நட்புக்கு வழி மொழியில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. டொச் பிள்ளைகள் பழகுவது பள்ளி முடிந்தபின், விளையாட்டுக் கழகத்திலும் பிறந்தநாள் விருந்திலும். நம் பிள்ளைகளின் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கும் நடன வகுப்புக்கும் போய்விடுகிறது. உதைபந்துப் போட்டிகளும் பெரும்பாலும் வார இறுதியில்தான். அதனால் கிழமை நாளில் பயிற்சி உள்ள நீச்சலோ ஜூடோவோ பாருங்கள். வகுப்புத் தோழி ஒருத்தியை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தோசை சுட்டுக் கொடுத்தால் அவளே மறுபடி வருவாள்.

அப்புறம், வகுப்போடு இரவு தங்கும் பயணம் வந்தால், பெண்பிள்ளை என்று தயங்கி நிறுத்திவிடாதீர்கள். பல நட்புகள் அந்த இரண்டு மூன்று இரவுகளில்தான் உறுதியாகின்றன. யார் கூட வருகிறார்கள், அறைகள் எப்படி என்று ஆசிரியையிடம் தாராளமாகக் கேட்கலாம். வோன்கெல்ட் (வாடகை உதவி) அல்லது கிண்டர்சூஷ்லாக் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பிள்ளை உதவித்தொகை) பெறும் குடும்பம் என்றால், விண்ணப்பித்தால் பயணச் செலவை அரசே ஏற்கும்.